மின்சாரம் கேட்காத மட்டம்

சுவரில் பதித்த சுவிட்ச் பெட்டி இரண்டு டிகிரி சாய்ந்திருந்தாலும் அதன் வழியே ஓடும் மின்சாரம் அணுவளவும் குறைவதில்லை, விளக்கு மங்குவதில்லை, மின்விசிறி மெதுவாகச் சுற்றுவதில்லை. கட்டடத்தில் மட்டம் பார்த்து வேலை செய்யும் மற்றவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது: கொத்தனாருக்குத் தூக்குத் தவறினால் சுவரின் பாரம் ஒரு பக்கமாக இறங்கும், குழாய் பதிப்பவருக்கு வாட்டம் தவறினால் குளியலறையில் தண்ணீர் தேங்கும், தச்சருக்கு நிலை கோணினால் கதவு யாரும் தொடாமலே திறந்துகொள்ளும். மின்பணியாளரிடம் மட்டம் கேட்பது பெரும்பாலும் எதிரே நின்று பார்ப்பவரின் கண் மட்டுமே. எனவே மின்வேலைக்கு ஏற்ற ரசமட்டம் எது என்று கேட்பவர், கருவியின் துல்லியத்தை விசாரிப்பதற்கு முன்னால், அந்தத் துல்லியத்தை யாருக்காக வாங்குகிறோம் என்பதைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது.

சற்றே வளைந்த குழலில் திரவத்தை முழுதும் நிரப்பாமல், சிறு குமிழிக்கு இடம் விட்டு அடைத்து, அந்தக் குழலை நேரான சட்டம் ஒன்றில் பொருத்திய கருவியே ரசமட்டம். குமிழி எப்போதும் வளைவின் உச்சியைத் தேடிப் போகும் என்பதால், குழலின் நடுவில் உள்ள இரு கோடுகளுக்கிடையே அது வந்து நின்றால் சட்டம் கிடைமட்டத்தில் இருக்கிறது என்று பொருள். பெயரில் உள்ள ரசம் சற்று ஏமாற்றும். ‘ரசம் போன கண்ணாடி’ என்னும் வழக்கைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது பாதரசத்தையே நினைவூட்டுகிறது. கருவிக்குள்ளோ பாதரசம் துளியும் இல்லை. ரசம் என்பதற்குச் சாறு, திரவம் என்ற பொருளும் உண்டென்பதால் பெயரைப் பிழையென்று தள்ளிவிடவும் முடியாது. ஆங்கிலேயர் உள்ளே இருக்கும் சாராயத்தைக் கொண்டு இதற்குப் பெயரிட்டார்கள். பிரெஞ்சுக்காரர் குமிழியைக் கொண்டு. ஜெர்மானியர் வழங்கும் சொல்லுக்கோ நீர்த்தராசு என்று பொருள். ஒரே கருவியில் ஒவ்வொரு மொழியும் தனக்குப் பிடித்த உறுப்பைப் பற்றிக்கொண்டிருக்கிறது.

1661ஆம் ஆண்டு வாக்கில் இதை உருவாக்கியவர் மெல்கிசெடெக் தெவெனோ என்னும் பிரெஞ்சுக்காரர். பயண நூல்களைத் தொகுத்தவர், பின்னாளில் அரசரின் நூலகத்தைக் கவனித்துக்கொண்டவர். அவர் இறந்தபின் 1696இல் நீச்சல் கலை பற்றிய அவருடைய நூலும் வெளிவந்தது என்பதைப் பார்க்கையில், திரவத்தில் எது மிதக்கும், எப்படி மிதக்கும் என்பது அவருடைய மனத்தை விட்டு விலகாத விஷயமாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. தண்ணீருக்குப் பதிலாகச் சாராயத்தை நிரப்பியதற்குக் காரணங்கள் உண்டு. தண்ணீர் குளிர்நாட்டில் உறைந்துவிடும். அதன் பரப்பு இழுவிசை அதிகம் என்பதால் குமிழி குழலின் சுவரில் ஒட்டிக்கொண்டு தயங்கும். சாராயத்தில் குமிழி வழுக்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் நிற்கும். இன்றைய கருவிகளிலும் சாராய வகையோ மெல்லிய கனிம எண்ணெயோதான் இருக்கிறது. மங்கலான இடத்தில் கண்ணுக்குப் படவேண்டும் என்பதற்காக மஞ்சள் கலந்த பச்சைச் சாயம் சேர்க்கிறார்கள். சாராயத்துக்கு ஒரு குறையும் உண்டு: ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் அது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரிகிறது, தண்ணீரைப்போல நான்கைந்து மடங்கு. மொட்டைமாடி வெயிலில் கிடந்த ரசமட்டத்தின் குமிழி அதனால் சுருங்கிப் போயிருக்கும். அந்த நேரத்தில் குமிழியின் ஓரம் கோட்டைத் தொடுகிறதா என்று பார்ப்பவர் ஏமாறுவார். இருபுறமும் உள்ள இடைவெளி சமமா என்று பார்ப்பவர் ஏமாறமாட்டார்.

குழலின் வளைவு ஒரு பெரிய வட்டத்திலிருந்து வெட்டியெடுத்த சிறு துண்டு என்று கொண்டால், கருவியின் கூர்மை முழுவதும் அந்த வட்டத்தின் ஆரத்தில் அடங்கியிருப்பது விளங்கும். ஆரம் ஒரு மீட்டராக இருந்தால், மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் சாய்வுக்குக் குமிழி ஒரு மில்லிமீட்டர் நகரும். இயந்திரங்களை நிறுவுபவர்கள் பயன்படுத்தும் மட்டங்களில், மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் சாய்வுக்கே குமிழி 2 மில்லிமீட்டர் நகர்வது உண்டு. அந்தக் குழலின் வளைவு 100 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் துண்டு, பார்வைக்கு நேர்க்கோடுபோலவே இருக்கும். விலையுயர்ந்ததே நல்லது என்று நினைத்து அத்தகைய மட்டத்தை யாரேனும் சுவிட்ச் பெட்டியின் மேல் வைத்தால், குமிழி ஒரு மூலைக்கு ஓடிப் பதுங்கிக்கொள்ளுமே தவிர, பெட்டியை எந்தப் பக்கம் எவ்வளவு அசைக்கவேண்டும் என்று ஒருபோதும் சொல்லாது.

சாதாரண ரசமட்டங்களின் உறையில் மீட்டருக்கு 0.5 மில்லிமீட்டர் அல்லது 1 மில்லிமீட்டர் என்று ஒரு அளவு அச்சிட்டிருக்கும். ஒரு மீட்டர் நீளத்தில் கருவி அந்த அளவுக்குமேல் பிழைக்காது என்பது அதன் பொருள். 15 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு சுவிட்ச் தகட்டுக்கு இந்தக் கணக்கைப் பொருத்திப் பார்த்தால், 0.5 மில்லிமீட்டர் கருவியின் பிழை 0.075 மில்லிமீட்டர் ஆகிறது, ஏறத்தாழ ஒரு தலைமயிரின் கனம். இரட்டிப்புப் பிழையுள்ள மலிவான கருவியை எடுத்தால் இரண்டு மயிர்க் கனம். ஒற்றைப் பெட்டியைப் பொறுத்தவரை, கடையில் கிடைக்கும் எந்த நேர்மையான ரசமட்டமும் தேவைக்கு அதிகமான துல்லியம் உடையதே. அங்கே தேர்வைத் தீர்மானிப்பது நீளம்.

காடி வெட்டிய செங்கல் சுவரில் பெட்டி உட்காரும் விதத்தைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்த்தால் இது புரியும். குழிக்குள் கலவையை அப்பி, இரும்புப் பெட்டியை அழுத்தி, அதன் மேல் விளிம்பில் குட்டையான மட்டத்தை வைத்ததும் குமிழி நடுவில் வந்து நிற்கிறது. கையை எடுத்த சில நொடிகளில் மெல்ல இடப்பக்கம் ஊரத் தொடங்குகிறது. பெட்டியின் மேல்துளையில் செருகியுள்ள பிவிசி குழாய், காடிக்குள் வளைத்துத் திணிக்கப்பட்டது, தன்னை நிமிர்த்திக்கொள்ளப் பார்ப்பதால் பெட்டியின் ஒரு தோளைக் கீழே தள்ளுகிறது. பணியாளர் கட்டைவிரலால் அந்தத் தோளை ஏற்றி, அடியில் ஒரு செங்கல் சில்லைச் செருகி, மறுபடி குமிழியைப் பார்க்கிறார். இப்போது பெட்டியின் முகம் சுவருக்குள் சாய்ந்திருக்கிறது, ஆகவே மட்டத்தை நிமிர்த்தி முகத்தில் வைத்துத் தூக்குப் பார்க்கவேண்டும். கலவை இறுகும்வரை இந்த இழுபறி நடக்கும். 60 சென்டிமீட்டர் மட்டத்தைக் கொண்டு இதைச் செய்ய முயன்றால், அது பெட்டியைத் தாண்டிப் பூசாத சுவரின் செங்கல் மேடுகளில் முட்டிக்கொண்டு, பெட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் சுவரைப் பற்றிப் பேசும். 23 சென்டிமீட்டர் நீளத்தில், இரு முனைகளும் குவிந்து, நீர்மூழ்கிக் குண்டின் வடிவில் இருப்பதால் டார்பிடோ என்று பெயர்பெற்ற குட்டை மட்டத்தை மின்பணியாளர்கள் உலகெங்கும் பையில் வைத்திருப்பதற்கு, பையில் அடங்கும் என்பது ஒரு காரணம். வேலை நடக்கும் பொருளைவிட அதிகம் நீளாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

ஆனால் அதே குட்டை மட்டத்தைக் கொண்டு பத்து மீட்டர் நடைவழியின் ஒரு முனையில் உள்ள சுவிட்சின் உயரத்தை மறுமுனைக்குக் கடத்த நினைப்பது விவேகமன்று. நாற்பதுக்கு மேற்பட்ட முறை முனைக்கு முனை வைத்துக்கொண்டு போகவேண்டும், கருவியின் 0.5 மில்லிமீட்டர் பிழை ஒரே திசையில் சேர்ந்து 5 மில்லிமீட்டராகிவிடும், வைக்கும்போது கை செய்யும் பிழை வேறு. தரையிலிருந்து நான்கு அடி என்று ஒவ்வொரு இடத்திலும் அளந்துவிடுவது இன்னும் எளிது, இன்னும் தவறு; தண்ணீர் வடிவதற்காகத் தரைக்குக் கொடுத்த வாட்டம் முழுவதும் சுவிட்சுகளின் வரிசையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இவ்விடத்தில் உதவுவது கொத்தனாரின் டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய். குழாய் எந்த அறைக்குள் புகுந்து எந்த மூலையில் சுருண்டு வந்தாலும், இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். நடுவில் காற்றுக்குமிழி சிக்கியிருந்தால் மட்டும் பொய் சொல்லும். ரசமட்டத்தில் குமிழியே சாட்சி, டியூபில் குமிழியே குற்றவாளி என்பது இவ்விரு கருவிகளுக்கும் இடையிலான சிறிய வேடிக்கை.

டியூபின் இடத்தை இப்போது லேசர் மட்டம் பிடித்துவருகிறது. வீட்டு வேலைக்கு விற்கப்படும் கருவிகள் பத்து மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் பிழை என்று சொல்லிக்கொள்கின்றன. அறை முழுவதும் ஒரு சிவப்பு அல்லது பச்சைக் கோட்டை இழுத்துக் காட்டிவிடும் வசதிக்கு முன்னால் அது பெரிய குறையன்று. அந்த நவீனப் பெட்டிக்குள் தன்னைத்தானே மட்டப்படுத்திக்கொள்ளும் பகுதி, தொங்கவிட்ட ஊசல் ஒன்றுதான். கொத்தனாரின் தூக்குக்குண்டு அங்கே புது உடுப்பில் தொங்குகிறது. அந்த ஊசல் ஆடிக்கொண்டே இராமல் அடங்குவதற்குக் காந்தத்தை அருகில் வைத்து, அசையும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை எழுப்புகிறார்கள். மின்சாரத்துக்கு மட்டம் தேவையில்லாவிட்டாலும் மட்டத்துக்கு மின்சாரம் உதவுகிறது.

மின்வேலைக்கென்றே விற்கப்படும் ரசமட்டங்களின் சிறப்பு அங்கங்கள் பெரும்பாலும் அமெரிக்க வழக்கத்திலிருந்து வந்தவை என்பதை வாங்குபவர் கவனிப்பதில்லை. அங்கே கம்பிகளை மெல்லிய எஃகுக் குழாய்களில் கொண்டுபோவதும், அந்தக் குழாய்களைத் தளத்திலேயே வளைப்பதும் தொழிலின் தனித்திறன்களில் ஒன்று. ஆகவே மட்டத்தின் அடிப்பக்கம் உருண்டைக் குழாயில் வழுக்காமல் உட்கார நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுகிறது, எஃகைப் பற்றிக்கொள்ளக் காந்தங்கள் பதிந்திருக்கின்றன, கிடைமட்டத்துக்கும் தூக்குக்கும் உரிய குழல்களோடு 30, 45 டிகிரிச் சாய்வுகளைக் காட்டும் குழல்களும் சேர்ந்திருக்கின்றன. குழாய் ஒரு தடையைத் தாண்டி 10 சென்டிமீட்டர் ஏறிப் பழைய திசையிலேயே தொடரவேண்டுமானால், இரண்டு இடத்தில் 30 டிகிரி வளைக்கவேண்டும், இரு வளைவுகளுக்கும் இடையே 20 சென்டிமீட்டர் விடவேண்டும். 45 டிகிரியானால் 14 சென்டிமீட்டர் போதும். 30 டிகிரிக்குப் பெருக்கும் எண் சரியாக 2 என்பதால் காகிதமும் பேனாவும் இல்லாத ஏணியின் உச்சியில் அந்தக் கோணத்தையே தொழிலாளர்கள் விரும்புகிறார்கள், அதற்கெனவே ஒரு குழல் கருவியில் இடம்பிடித்திருக்கிறது. இரண்டாவது வளைவு முதல் வளைவின் தளத்திலேயே அமையாமல் முறுக்கிக்கொண்டு போனால் அந்தக் குழாயை அவர்கள் நாய்க்கால் என்கிறார்கள். இதைத் தவிர்க்கவே, திருகு ஒன்றால் குழாயின் முனையில் பற்றவைக்கும் சின்னஞ்சிறு மட்டமும் தனியாக உண்டு.

பிவிசி குழாயைச் சுவருக்குள் புதைத்துவிடும் தமிழ்நாட்டு வீட்டுவேலையில் 30 டிகிரிக் குழலுக்கு வேலை குறைவு, காந்தத்துக்கோ குழாயின் மேல் வேலையே இல்லை. பிரேக்கர்கள் அடங்கும் டிபி பெட்டியின் இரும்புச் சட்டத்தில் ஒட்டவைத்துவிட்டு இரு கைகளாலும் ஆணியை முடுக்கலாம் என்ற அளவில் அது பயன்படும். அங்கேயும் காந்தம் தன் கூலியை வாங்கிக்கொள்கிறது. பெட்டியில் துளை போடும்போது உதிரும் இரும்புத் துகள்கள் காந்தமுகத்தில் மீசைபோல ஒட்டிக்கொள்ளும், அவற்றில் 0.2 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரே ஒரு துகள் 23 சென்டிமீட்டர் மட்டத்தின் ஒரு முனைக்கு அடியில் சிக்கினால், மீட்டருக்கு 0.87 மில்லிமீட்டர் சாய்வு, அதாவது 0.5 மில்லிமீட்டர் கருவியின் உறையில் அச்சிட்ட பிழையைவிட அதிகம், வந்துவிடுகிறது. விலையில் கொடுத்த துல்லியத்தைப் பழந்துணியால் ஒருமுறை துடைக்காத சோம்பல் தின்றுவிடும்.

அலுமினியச் சட்டமுள்ள மட்டம் நேராகவும் உறுதியாகவும் இருக்கும். அதுவே நல்ல மின்கடத்தியும்கூட. திறந்திருக்கும் டிபிக்குள் அதைப் பிடித்திருக்கும் கை தவறினால், அது வெறும்கம்பிப் பட்டைகளின் குறுக்கே விழுந்து தீப்பொறி பறக்கச் செய்யும். இதற்காகக் கண்ணாடியிழை அல்லது பிளாஸ்டிக் சட்டமுள்ள மட்டங்கள் கிடைக்கின்றன. மின்வேலைக்கு அவற்றைத் தேர்வதே முறை. ஆயினும் அந்தச் சட்டத்திலும் காந்தங்கள் உலோகமே, மேலே படிந்த ஈரமும் அழுக்கும் கடத்தும். மெயினை அணைத்துச் சோதித்துவிட்டு வேலை செய்வதற்கு அது மாற்றாகாது.

இனி, கண் என்னும் நீதிபதி. மனிதக் கண் கிடைக்கோட்டிலும் செங்குத்துக் கோட்டிலும் சாய்வை உணரும் கூர்மை, சரிவான கோடுகளைப் பார்க்கும்போது அதற்கு இருப்பதில்லை. ஆகவே தகடுகள் அகப்பட்டுக்கொள்வது கண்ணுக்கு மிகவும் பழகிய திசைகளில்தான். இருந்தும், வெறும் வெள்ளைச் சுவரின் நடுவே தனியாக உள்ள தகடு அரை டிகிரி சாய்ந்திருந்தால் பலர் கவனிப்பதில்லை. அதே தகடு சமையலறை டைல்ஸின் இணைப்புக்கோட்டுக்கு அருகில் இருந்தால், ஒரு முனையில் 5 மில்லிமீட்டர், மறுமுனையில் 6 மில்லிமீட்டர் என்று இடைவெளி மாறுவதைக்கூடக் கண் பிடித்துவிடும். கண் பூமியைப் பார்த்து மட்டம் சொல்வதில்லை. பக்கத்தில் இருப்பதைப் பார்த்துச் சொல்கிறது. இங்கேதான் உண்மையான சிக்கல் எழுகிறது: டைல்ஸ் ஒட்டியவர் மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் தவறியிருந்தால், ரசமட்டத்தின்படி நூற்றுக்கு நூறு சரியாக மாட்டிய சுவிட்ச் தகடு அந்தச் சுவரில் கோணலாகத் தெரியும், வீட்டுக்காரர் டைல்ஸ்காரரை விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனைக் குற்றம் சொல்வார்.

அனுபவமுள்ளவர்கள் அத்தகைய இடத்தில் ரசமட்டத்தைப் பைக்குள் போட்டுவிட்டு இணைப்புக்கோட்டைப் பின்பற்றுகிறார்கள். இதைச் சமாளிப்பு என்று குறைத்துச் சொல்வது நியாயமாகாது. எந்த மட்டம் கேட்கப்படுகிறது என்று அறிந்து நடப்பதும் தொழிலறிவே. 1897இல் முதன்முதலாக வெளிவந்த அமெரிக்க தேசிய மின்விதித் தொகுப்பு, மின்சாதனங்களை ஒழுங்காகவும் தொழில் நேர்த்தியோடும் நிறுவவேண்டும் என்று நெடுங்காலம் கேட்டுவந்தது. நேர்த்தி என்பது எத்தனை டிகிரி என்று அந்த விதி சொல்லவில்லை, சொல்லியிருந்தால் டைல்ஸ் சுவரில் அது பெரும் தொல்லையாகியிருக்கும். சில பெட்டிகளில் திருகு ஏறும் காது மேலும் கீழும் சற்று நகரும்படி அமைந்திருப்பதும் இதே காரணத்தால்தான்: பெட்டி கலவைக்குள் இறுகிவிட்ட பிறகும் தகட்டைக் கொஞ்சம் திருப்பிக் கண்ணுக்குச் சமாதானம் செய்ய அது இடம் வைக்கிறது.

சாதனமே உண்மையான மட்டத்தைக் கேட்ட இடங்களும் மின்தொழிலில் இருந்தன. அலுமினியத் தட்டு சுழலும் பழைய மின்மீட்டர் அவற்றுள் ஒன்று. நிமிர்ந்து நிற்கும் அச்சில் தட்டு கிடையாகச் சுழலவேண்டும், பலகை சாய்ந்திருந்தால் அச்சின் பாரம் தாங்கியின் ஓரத்தில் உரசி, குறைந்த மின்சாரம் ஓடும்போது கணக்கு பிசகும். 3 டிகிரி சாய்த்து வைத்துப் பிழை எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பது அவ்வகை மீட்டர்களுக்கான பன்னாட்டுத் தரச்சோதனைகளில் ஒன்று. மற்றொன்று குளிர்நாட்டு வீடுகளில் சூட்டடுப்பை இயக்கிய தெர்மோஸ்டாட். 1953இல் ஹனிவெல் நிறுவனம் வெளியிட்ட, ஹென்றி டிரேஃபஸ் வடிவமைத்த வட்டமான தெர்மோஸ்டாட்டின் உள்ளே, வெப்பத்துக்கேற்பச் சுருண்டு விரியும் ஈருலோகச் சுருளின் நுனியில் ஒரு சிறு கண்ணாடிக் குப்பி, குப்பிக்குள் ஒரு துளி பாதரசம். சுருள் அசைந்து குப்பி சாயும்போது பாதரசம் ஓடி இரு முனைகளை இணைக்கும், சூட்டடுப்பு எரியத் தொடங்கும். பெயரில் மட்டுமல்லாமல் மெய்யாகவே ரசத்தைக் கொண்டு மட்டம் பார்த்த மின்கருவி அதுதான். சதுரமான கருவிகள் கோணலாக மாட்டப்பட்டால் காட்டிக்கொடுத்துவிடும், வட்டமான இதுவோ எப்படி மாட்டினாலும் வட்டமாகவே தெரியும். ஆனால் அடித்தகடு சாய்ந்திருந்தால் உள்ளேயிருக்கும் பாதரசம் குறித்த வெப்பத்துக்கு முன்போ பின்போ ஓடிவிடும் என்பதால், ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பதற்கென்றே அந்தத் தகட்டில் இரண்டு சிறு முளைகளை அமைத்திருந்தார்கள். பாதரசத்தின் நச்சுத்தன்மையால் அந்தக் குப்பிகள் கைவிடப்பட்டன. தட்டு மீட்டர்களின் இடத்துக்கு அசையும் உறுப்பே இல்லாத மின்னணு மீட்டர்கள் வந்துவிட்டன. மின்தொழிலில் மட்டத்தைக் கேட்கும் தரப்பாகக் கண் மேலும் தனித்துவிட்டது.

கடையில் நின்று தேர்வதைப் பற்றிச் சொல்ல மிச்சமிருப்பது ஒன்றே. உறையில் அச்சிட்ட எண் ஆலையை விட்டுப் புறப்பட்ட நாளின் நிலை; லாரியில் வந்ததும் அலமாரியிலிருந்து விழுந்ததும் அதில் எழுதியிருக்காது. மட்டத்தைக் கடையின் கண்ணாடி மேசைமேல் வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதே இடத்தில் முனைக்கு முனை மாற்றி வைத்துப் பார்த்தால் போதும். இருமுறையும் குமிழி, பார்ப்பவருக்கு ஒரே பக்கமாக ஒரே அளவு விலகியிருந்தால் மேசைதான் சாய்ந்திருக்கிறது, கருவி உண்மையானது. மாறுபட்டால் அந்த மாறுபாட்டில் பாதி கருவியின் பிழை. மேசை மட்டமாக இருக்கவேண்டும் என்ற தேவையே இந்தச் சோதனைக்கு இல்லை. தூக்குக் குழலுக்கும் இதே முறை: நிலைச்சட்டத்தில் ஒரு முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, அதே முகம் சட்டத்தில் பதியும்படி தலைகீழாக்கி வைத்து இன்னொருமுறை பார்க்கவேண்டும். 45 டிகிரிக் குழலை இப்படித் திருப்பிச் சோதிக்க வழியில்லை. அதற்கு மூலைமட்டம் ஒன்றை இரவல் வாங்கவேண்டும். இத்தனையும் செய்து மூன்று மட்டங்களை ஒதுக்கிவிட்டு நான்காவதைக் கேட்கும் வாடிக்கையாளரைக் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பதுண்டு, அதற்குள் தன் மேசை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்துபோயிருக்கும்.